தீர்ப்பு முதலில், படம் பிறகு

சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஓவியக் கண்காட்சி தொடங்குகிறது என்றால், குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றும்போதே அவர் வந்துவிடுவார். கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, மூக்கு நுனியில் கண்ணாடி. அழைப்பிதழ் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத முகம். பெயர் எதற்கு, 'விமர்சகர்' என்றாலே திரும்பிப் பார்ப்பார்.

எங்கோ ஒரு பயிலரங்கில் விமர்சனக் கலையைக் கற்றவர். அமெரிக்கக் கலைக்கல்வியாளர் எட்மண்ட் பர்க் ஃபெல்ட்மன் வகுத்த நான்கு படிகளை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். முதலில், கண்ணில் படுவதை அப்படியே சொல்ல வேண்டும்: என்ன உருவம், என்ன நிறம், எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா. அடுத்து, கோடும் நிறமும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாகப் பொருள். கடைசியில்தான் தீர்ப்பு. நம்மவர் நான்கையும் மறக்கவில்லை, வரிசையைத்தான் திருப்பிப் போட்டுக்கொண்டார். தீர்ப்பு வீட்டிலேயே தயார். பொருள் ஆட்டோவில் வரும்போது கூடிவிடும். படத்தைப் பார்ப்பது நான்காவது வேலை. அதற்குள் சமோசாத் தட்டு வந்துவிடுகிறது.

படத்துக்கு முன்னால் நிற்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் இரண்டடி பின்வாங்குவார். பின்னால் நிற்பவர் தன் காலைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பிறகு கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்குவார். கித்தான் இழையை ஆராய்கிறார் என்று நாம் நினைப்போம். அவர் படிப்பது பக்கத்தில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை. விற்றுப்போனதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு இருந்தால், ஓவியர் சந்தைக்குப் பணிந்துவிட்டார். பொட்டு இல்லையென்றால், சமரசமே அறியாதவர்.

"இந்த மூலையில வெள்ளையா விட்டிருக்கீங்களே தம்பி, இது வெறும் வெளி இல்லை. இல்லாமையோட இருப்பு!"

முந்தின நாள் ராத்திரி வேன்காரர் அவசரப்படுத்தியதில் அந்த மூலை முடியாமல் போன கதை ஓவியருக்குத் தெரியும். இருந்தாலும் தலையாட்டுகிறார். இரண்டாவது தடவை கேட்டதும் நம்பவே ஆரம்பித்துவிடுகிறார்.

சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் தொடங்கிவைத்த கே.சி.எஸ். பணிக்கர், 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசைப் படங்களில் மலையாள எழுத்தைப் போலவும் ஜாதகக் கட்டத்தைப் போலவும் தோன்றுகிற, ஆனால் படிக்கவே முடியாத குறிகளை நிரப்பினார். நம்மவர் அவற்றை விரல் வைத்து வரிவரியாகப் படித்து உரை சொல்வார். ராகு எந்த வீட்டில் என்பது உட்பட.

1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸின் 'படகு' 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. கவனித்துச் சொன்னவர் பார்க்க வந்திருந்த ஒரு பங்குத்தரகப் பெண்மணி. இந்தக் கதையை நம்மவரிடம் எடுத்தால் முகம் சிவந்துவிடும். "பங்குத்தரகருக்கு என்ன சார் தெரியும்? தலைகீழும் ஒரு வாசிப்புதானே!"

ஒரே ஓர் ஏக்கம் மட்டும் உண்டு. 1874இல் பாரிஸில் மோனேயின் படத்தை லூயி லெரோய் என்ற பத்திரிகையாளர் கிண்டலடித்து எழுதப்போக, அந்தக் கிண்டலே 'இம்ப்ரெஷனிசம்' என்று ஓர் இயக்கத்துக்குப் பெயராக நிலைத்தது. தானும் ஒன்றுக்குப் பெயர் வைக்க வேண்டும். பெயர் ஜோல்னாப் பையில் பல வருஷமாகத் தயாராக இருக்கிறது. அதற்குப் பொருந்துகிற ஓவியர்கள்தான் இன்னும் அமையவில்லை.

கேலி செய்துவிடலாம். ஆனால் திறப்பு விழா முடிந்த மறுநாள், காவலாளியும் மின்விசிறியும் மட்டும் இருக்கும் கூடத்துக்குள் நுழைகிற ஒரே ஆள் இவர்தான். ஓவியருக்கு அந்த நன்றி உண்டு. அதனால்தான் அந்த இளைஞர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சார், நேத்து அந்த இல்லாமையோட இருப்புன்னு சொன்னீங்களே, அதை நாலு வரியில எழுதித் தர முடியுமா? அடுத்த கண்காட்சி கையேட்டுல போட்டுக்கறேன்."

"தாராளமா தம்பி. எந்தப் படம்னு மட்டும் ஒரு போட்டோ அனுப்பிடுங்க."