பொருள்: படுக்கையறைச் சுவர் மீண்டும் உப்பியது தொடர்பாக

பெறுநர்:
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
பராமரிப்புப் பிரிவு, சென்னை.

பார்வை: "ஆவன செய்யப்படும்" எனத் தாங்கள் அவ்வப்போது அனுப்பிய கடிதங்கள்.

மதிப்புக்குரிய ஐயா,

முதலில் நன்றி. இந்த ஆண்டும் மார்ச் 31 தாண்டுவதற்குள் ஆள் அனுப்பி, எங்கள் தரைத்தள வீட்டின் படுக்கையறைச் சுவருக்கு இளம்பச்சை அடித்துக் கொடுத்துவிட்டீர்கள். ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடக் கூடாதே என்ற தங்கள் தவிப்பு ஒவ்வொரு தீற்றலிலும் தெரிந்தது. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் அந்தப் பச்சை பொரிப்பொரியாக எழும்பி, உப்பி, விரல் பட்ட இடத்தில் பொத்தென்று உடைந்து கட்டிலில் உதிர ஆரம்பித்தது. உதிர்ந்த இடத்தில் போன ஆண்டு மஞ்சள் தெரிகிறது. அதற்கும் கீழே அதற்கு முந்தைய நீலம். கீழடியில் மண்ணடுக்கை வைத்துக் காலம் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் பெயிண்ட் அடுக்கை வைத்து எந்த நிதியாண்டில் எந்த ஒப்பந்ததாரர் என்று சொல்லிவிடலாம்.

காரணம் கேட்டதற்கு "கடற்காற்று" என்று பதில் வந்தது. மறுமுறை கேட்டபோது "மழை ஈரம்" என்று வந்தது. இரண்டையும் பணிவோடு ஏற்றுக்கொள்ளத்தான் நினைத்தேன். சுவர்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. கடலைப் பார்த்திருக்கும் கிழக்குச் சுவர் காய்ந்து கிடக்கிறது. உப்புவதோ மேல் மாடிக் குளியலறையின் கழிவுக் குழாய் இறங்கும் உள்சுவர். மழையே எட்டிப் பார்க்காத மே மாதத்தில், கத்திரி வெயிலில், இந்தச் சுவர் மட்டும் எங்கே போய் நனைந்து வந்தது? மேல் வீட்டார் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது சுவர் காய்ந்து வெள்ளை வெளேரென்று உப்பு பூத்தது. அவர்கள் திரும்பி வந்து குளிக்கத் தொடங்கியதும் மறுபடி கறுத்து ஊறிவிட்டது. வங்காள விரிகுடாவுக்கு மேல் வீட்டாரின் பயணத் திட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை.

இதுவும் போதாதென்றால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் அறைப் பக்கம் நீர் கோத்திருந்தால் குற்றவாளி காற்று. சுவர்ப் பக்கம் கோத்திருந்தால் குற்றவாளி சுவருக்குள் இருக்கிறார். எங்கள் தாளில் சுவர்ப் பக்கம்தான் முத்து முத்தாக நின்றது. தாளைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், கோப்பில் இணைக்க வேண்டுமென்றால் தருகிறேன்.

தாங்கள் பொறியியல் படித்தவர். செங்கலிலும் மணலிலும் சிமெண்டிலும் உப்பு உண்டு என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கசிகிற தண்ணீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரின் முகத்துக்கு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் அங்கேயே படிகமாகத் தங்கி வளர்ந்து பெயிண்டை வெளியே தள்ளுகிறது. போதாக்குறைக்கு இந்தக் கட்டடத்தின் கலவையையே ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் போட்டார்கள் என்று பழைய காவலாளி சொல்கிறார். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456. காவலாளி அந்த விதியைப் படித்ததில்லை. கலவை போட்டவர்களும் படித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு ஆண்டுக்கு முன் ஈரம் தடுக்கும் பெயிண்ட் என்று விலை உயர்ந்த ஒன்றை இடுப்பளவுக்கு அடித்தீர்கள். தண்ணீர் அந்தத் தடை உத்தரவை மதித்தது. தடை போட்ட இடத்தை விட்டுவிட்டு ஒரு அடி மேலே ஏறிப் போய் அங்கே உப்பியது. சுண்ணாம்பு அடித்த காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்புக் காரை அரைத்த பழைய வீடுகளில் சுவருக்குள் வந்த ஈரம் சுவர் வழியாகவே வெளியே போய்விடும். இப்போது அடிக்கிற எமல்ஷன் சுவர்மேல் தோலாகப் படிகிறது. உள்ளே இருக்கும் ஈரம் அந்தத் தோலை உப்பவைக்கிறது.

வருகிற பெயிண்டர் மேல் எனக்குக் குறையில்லை. அவருக்குக் கூலி சதுர அடிக் கணக்கில். தானாக விழத் தயாராக இருப்பதை மட்டும் தட்டிவிட்டு, உப்பின் மேலேயே பட்டி இழுத்து, மறுநாளே கலர் அடித்துவிட்டுப் போகிறார். ஏன் நன்றாகச் சுரண்டவில்லை என்று கேட்டேன். "எஸ்டிமேட்டுல சுரண்டுறதுக்கு வரி இல்ல சார்" என்றார். நேர்மையான மனிதர்.

குழாய்? அது வேறு பிரிவாம். சுவர் தங்களுடையது, சுவருக்குள் இருக்கும் குழாய் அடுத்த அறை மேசைக்காரருடையது. குழாயிலிருந்து கசிந்த தண்ணீர் சுவரைத் தொடும் நொடியில் எந்தப் பிரிவுக்கு மாற்றலாகிறது என்பதை ஒரு சுற்றறிக்கை மூலம் தண்ணீருக்குத் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

உண்மையான சிக்கல் வேறெங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்பது அங்குலம் கனமுள்ள செங்கல் சுவர் ஊறிவிட்டால், கசிவை அடைத்த பிறகும் அது காய மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் செய்ய வேண்டிய வேலை, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பது. சும்மா இருந்ததை எம்-புக் என்னும் அளவுப் பதிவேட்டில் எப்படி அளந்து எழுதுவது? எந்தத் தலைப்பில் பில் போடுவது? சுவருக்கு மார்ச் 31 தெரியாது. தங்களுக்கோ அதைத் தவிர வேறு தேதி தெரியாது. நடுவில் நாங்கள் தலையணையைத் தட்டிவிட்டுப் படுக்கிறோம்.

ஒரு விஷயத்தை மட்டும் பகடியில்லாமல் சொல்ல வேண்டும். சுவரின் அடி அடுக்கில் பழைய எனாமல் பட்டை ஒன்று இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதைக் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். லேசாக நனைத்துச் சுரண்டி, செதிலைப் பொறுக்கிக் கட்டி எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதுவரை குழந்தைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது.

மற்றதெல்லாம் தங்களுக்குத் தெரிந்ததே. பூச்சைத் தட்டிப் பார்த்து, பொக்கையாக ஒலிக்கும் இடத்தையெல்லாம் கெட்டியான ஓரம் வரும்வரை கொத்தியெடுக்க வேண்டும். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். புதுப் பூச்சு நனைந்து இறுகி ஒரு மாதமாவது காய்ந்த பிறகே பிரைமர், மெல்லிய பட்டி, பெயிண்ட் எல்லாம். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கென்றே ஐ.எஸ். 2395 என்ற நடைமுறை விதி இரண்டு பகுதிகளாக இருக்கிறது. தங்கள் அலுவலக அலமாரியில் அதுவும் இருக்கும், அலமாரிச் சுவரில் ஓதம் ஏறியிராவிட்டால்.

ஆகவே ஐயா, வரும் மார்ச்சில் பெயிண்டரை அனுப்ப வேண்டாம். தை பிறப்பதற்குள் ஒரு பிளம்பரை அனுப்பி அந்தக் குழாயை மாற்றிக் கொடுங்கள். சுவர் காயும்வரை காத்திருக்க எங்களுக்குத் தெரியும். காய்ந்த பிறகு கொத்தனார் கூலியையும் பெயிண்ட் செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரைத்தள வாடகைதாரர்.

நகல்: குழாய்ப் பிரிவுக்கு, தக்க நடவடிக்கைக்காக. மேல் வீட்டாருக்கு, குளிக்கும் முன் தகவலுக்காக.