தன் வாயால் கெட்டவன்

பல் டாக்டர் நீட்டிய படிவத்தில் நான் எழுதிய ஒரே உண்மை, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடவில்லை என்பதுதான். சில மாத்திரைகளால் தாடை எலும்பு ஆறாமலே போகுமாம், அதனால் கேட்கிறார்கள். மற்றதெல்லாம் இலக்கியம். புகைப்பழக்கம்: எப்போதாவது. டீயோடு மட்டும்தான், எத்தனை டீ என்று படிவம் கேட்கவில்லை. சர்க்கரை: கட்டுக்குள். தூக்கத்தில் பல்லை நறநறப்பீர்களா: இல்லை. தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளான்ட் வைக்க வேண்டும். தாடையில் டைட்டானியம் திருகை இறக்கி, எலும்பு அதைப் பற்றிக்கொள்ளச் சில மாதம் விட்டு, மேலே பல் பொருத்துவார்கள். ஸ்வீடனில் பிரோனேமார்க் என்ற மருத்துவர் 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தது நாற்பது வருஷம் தாண்டியும் நின்றதாம். அதைப் படித்துவிட்டு, எனக்கும் அப்படித்தான் என்று கிளம்பியிருந்தேன்.

ரத்தப் பரிசோதனைக்கு முதல் நாள் கஞ்சி குடித்துத் தவம் கிடந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வந்தது. அதற்குக் கீழே ஹெச்பிஏ1சி என்று இன்னொரு வரி: 8.9. அது இரண்டு மூன்று மாதச் சராசரியாம். தீபாவளி அதிரசம் வரை அதில் கணக்காகியிருந்தது.

"இதை இறக்கிட்டு வாங்க சார், அப்புறம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். சிகரெட் ஈறுக்குப் போகும் ரத்தத்தையே குறைத்துவிடும். எலும்பு எதைக் கொண்டு திருகைப் பற்றும்?

பிறகு கண்ணாடியைக் கொடுத்து என் பற்களை எனக்கே காட்டினார். முனையெல்லாம் மழுங்கித் தட்டையாக இருந்தன. சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி நார் உண்டு, அழுத்தம் மீறினால் உணர்த்திவிடும். இம்ப்ளான்டுக்கு அது கிடையாது. கடித்துக்கொண்டே இருந்தால் திருகு தளரும், மேல்பல் உடையும். "மாவு மில்லுக்குப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கும் டாக்டர்" என்று என் மனைவி வாக்குமூலம் கொடுத்தாள்.

பொங்கல் கழிந்து ஒருவழியாகத் திருகு இறங்கியது, பிறகு பல்லும் வந்தது. இனி சொத்தை வராது என்று கொண்டாடினேன். சொத்தை வராதுதான். ஆனால் பழைய பல்லைக் கொண்டுபோன ஈறு நோய், அழுக்குச் சேர்ந்தால் இதைச் சுற்றியும் வந்து எலும்பைத் தின்னுமாம். இடுக்கில் விட்டுத் தேய்க்கக் குட்டி பிரஷ் ஒன்று கொடுத்தார்கள்.

செக்கப் அன்று காலையில் அதன் உறையைப் பிரித்து, மாதக் கணக்குப் பாக்கியை ஒரே மூச்சில் தேய்த்தேன். டாக்டர் தொட்டதும் ஈறு கசிந்தது.

"இன்னைக்குத்தானே ஆரம்பிச்சீங்க?"

வாய் திறந்திருந்ததால் பொய் சொல்ல வழியில்லை.