சேரப்பணஞ்சேரி வழிச் செல்லும் டர்போ கார்களின் எரிபொருள் ஒழுக்கம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் செல்லும் டர்போ கார் உரிமையாளர், ஷோரூமில் லட்சங்களைத் தயங்காமல் எண்ணிக் கொடுத்தவராயினும், பெட்ரோல் பங்கில் ‘பவரா சார், நார்மலா?’ என்று கேட்கப்பட்டவுடன் குரலைத் தாழ்த்தி ‘நார்மல்’ என்பது ஆய்வுக்குரிய நிகழ்வாகும். யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசும் இம்மரபை விளங்கிக்கொள்ள, ஆக்டேன் எண் யாதென அறிதல் வேண்டும்.

அவ்வெண் பெட்ரோலின் வலிமையைக் குறிப்பதன்று. சிலிண்டருக்குள் தீப்பொறி மூட்டிய சுடர் பரவி வந்து சேரும்வரை, எஞ்சிய கலவை அழுத்தமும் வெப்பமும் தாளாமல் தானே வெடித்துவிடாதிருக்கும் பொறுமையைக் குறிப்பது. 1920களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் வகுத்த அளவுகோலில் ஐசோ ஆக்டேனுக்கு 100, பொறுமையே அற்ற ஹெப்டேனுக்கு 0. 2020இல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதிப்படி இந்தியச் சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தது 91, பிரீமியத்துக்கு 95 என்றிருந்தது; 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்கக் கையேட்டில் 91 போதுமென்றிருப்பதைச் சிக்கனக்காரர் மேற்கோள் காட்டுவதுண்டு. ஆயின் அங்குள்ள 91, இருவகைச் சோதனை எண்களின் சராசரி என்பதால், இந்தியக் கணக்கில் ஏறத்தாழ 95 ஆகிவிடுவதை அவர் பெருந்தன்மையுடன் மறந்துவிடுகிறார். டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால் பொறுமையிழந்த கலவை எழுப்பும் தட்டலை, அதாவது நாக்கிங்கை, எஞ்சினிலுள்ள நாக் சென்சார் உணர்ந்து சொல்ல, ஈசியூ எனும் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கிறது. அதற்கு ஈடாகப் பிக்கப்பும் மைலேஜும் குறைவதால், பங்கில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதி சாலையிலேயே செலவாகிறது. மறுபுறம், 91க்கென வடிவமைத்த சிறிய காருக்கு நேர்த்திக்கடன்போல் 100 ஊற்றுவோர், சோதனைக்கே உள்ளாகாத பொறுமையை விலைகொடுத்து வாங்குகின்றனர்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தைவிட ஒரகடம் சாலையே நாக்கிங்குக்கு உகந்தது என்பதுதான் வியப்பு. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் திறந்த ஆலையின் புதிய கார்கள், தம் பெட்ரோலில் ஒரு சொட்டும் எரிக்காமல் டிரெய்லர்மேல் சொகுசாகச் செல்ல, அதன் பின்னே ஊர்ந்து வந்த உரிமையாளர், இடைவெளி கண்டவுடன் ஐந்தாம் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார்; சுழற்சி குறைவாகவும் சுமை மிகுதியாகவும் உள்ள அந்நிலையில்தான் கலவையின் பொறுமை எளிதில் முறிகிறது. ஆகவே உயர் ஆக்டேனுக்கு மனமில்லாதோர் முந்துமுன் கியரையேனும் குறைத்தல் நலம். அதற்கு இன்னும் எவரும் வரி விதிக்கவில்லை.