அயல்நாட்டில் வண்டி நின்றுபோதல்: ராயபுரம் நோக்கில் ஓர் ஆய்வு

நடுவழியில் வண்டி படுத்துக்கொள்வது கெட்ட நேரம் என்பது பொதுமக்கள் கருத்து. அதற்கும் ஒழுங்கான விதிகள் உண்டு என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கோவையிலிருந்து பெண்கள் குழுவொன்று 2017-இல் மியான்மர், சீனா வழியாகக் காரிலேயே லண்டன் போய்ச் சேர்ந்த பிறகும், பக்கத்து ஊரான திருப்பூர் இத்துறையில் வாய் திறக்காமல் இருப்பது முறையன்று. எனவே ஆய்வுக்களமாகத் திருப்பூர் ராயபுரம் கொள்ளப்பட்டது.

விதி ஒன்று: அயலூரில் வண்டியைச் சரிசெய்து கொடுப்பவர் பெரும்பாலும் வேறு தொழில்காரர்.

சான்று, 1888 ஆகஸ்ட். கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் எரிபொருள் விற்றவர் மருந்துக்கடைக்காரர். சங்கிலியைச் சரிசெய்தவர் கொல்லர். பிரேக்குக்குத் தோல் அடித்துக் கொடுத்தவர் செருப்புத் தைப்பவர். அடைத்துக்கொண்ட குழாயைப் பெர்த்தாவே தொப்பி ஊசியால் குத்திவிட்டார்.

அக்காலத்தில் மெக்கானிக் என்ற இனமே தோன்றவில்லையே என மறுப்போர் 1907-க்கு வரலாம். அவ்வாண்டு பெய்ஜிங்–பாரிஸ் ஓட்டத்தில் இளவரசர் போர்கேசேயின் இத்தாலா காரில் மெக்கானிக் கூடவே உட்கார்ந்திருந்தார். அப்படியும் ரஷ்யாவில் மரச்சக்கரம் உடைந்துபோனபோது, கோடாரியைக் கையிலெடுத்து அதைச் சரிசெய்தவர் கிராமத்துத் தச்சர்தான். அந்தக் கார்தான் பாரிஸுக்கு முதலாவதாக வந்தது.

விதி இரண்டு: ஒர்க்‌ஷாப்பில் இல்லாதது அடுக்களையில் இருக்கும். 1920-களில் ஃபோர்டு காரில் உலகம் சுற்றிய அலோஹா வாண்டர்வெல், ஆப்பிரிக்காவில் கிரீஸுக்குப் பதில் வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டதாகச் சொல்வார்கள். ராயபுரத்துக்கு அந்தக் கவலை இல்லை. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வெண்ணெயைப் பேரிங்கில் தடவுவதைவிடத் தோசையில் தடவலாம் என்ற எதிர்வாதத்தை இவ்வாய்வு மறுக்கவில்லை.

விதி மூன்று: தேய்ந்துபோன பாகமும் சுங்கத்துறைக்கு உட்பட்டதே. தனியார் வாகனங்களைத் தற்காலிகமாக இறக்குமதி செய்வது பற்றிய 1954-ஆம் ஆண்டின் நியூயார்க் ஒப்பந்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ரிப்பேருக்கு வரவழைத்த புதுப் பாகத்துக்கு வரி இல்லை. கழற்றிய பழையதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். இல்லையேல் வரி கட்ட வேண்டும், அரசிடம் விட்டுவிட வேண்டும், அல்லது அதிகாரி முன்னிலையில் அழிக்க வேண்டும். அரசு மரியாதையுடன் அடக்கமாகும் பேறு பேரிங்குக்கும் உண்டு.

இவ்விதிகளுக்குப் பெரிய மறுப்பு, ஜெர்மானியரான குந்தர் ஹோல்டார்ஃப். ஒரே மெர்சிடிஸ் ஜீப்பில் 2014 வரை ஏறக்குறைய 9 லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர். உதிரிபாகங்களைக் கூடவே சுமந்து, தாமே ரிப்பேர் பார்த்துக்கொண்டவர். விடை எளிது: அவரைப் பயணி என்பதைவிட நடமாடும் ஒர்க்‌ஷாப் என்பதே பொருந்தும்.

இனி ராயபுரம். திருப்பூரின் நிட்டிங் மெஷின்களில் பல ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்தவை. பாகம் உடைந்தால் கப்பல் வரும்வரை ஆர்டர் காத்திருக்காது. ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிடும். முடிந்தவரை லேத் பட்டறையில் கடைந்து மாட்டி ஓட்டுவார்கள். அதாவது, அயல்நாட்டு எந்திரத்தை ஊர்க் கையால் சரிசெய்யும் கலையில் இவ்வூர் பல்லாண்டுகளாகத் தேறியே இருக்கிறது. எந்திரத்துக்குச் சக்கரம் இல்லை, அவ்வளவே குறை.

நாளை ஒரு ஜெர்மன் கேரவன் ராயபுரத்தில் நின்றால்? புஷ்ஷை லேத் பார்த்துக்கொள்ளும். ஃபேன் பெல்ட் அறுந்தால் நைலான் காலுறையைக் கட்டி ஓட்டுவது நெடும்பயணிகளின் பழைய வைத்தியம். இங்கே ஜட்டி எலாஸ்டிக்கே ரோல் ரோலாகக் கிடைக்கும். அதைக் கட்டிக்கொண்டு அவிநாசி வரை போய்ச் சேர முடியுமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. “பாத்துக்கலாமுங்க” என்பதே உள்ளூர் அறிஞர் நிலைப்பாடு.

இறுதியாகத் தீர்ப்பு. கிரீஸ் துடைக்க மெக்கானிக்குகள் கையில் வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் இவ்வூர் கட்டிங் மேசைகளில் மிஞ்சுவது. நாடு கடந்து வண்டி ஓட்டப் போகிறவர்கள் புறப்படும் முன் அதில் ஒரு கிலோ வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளவும். விலை சற்றுக் கூடினாலும் வெள்ளையாகவே கேட்டு வாங்கவும். கலர் துணியில் துடைத்தால், கசிந்தது என்ஜின் ஆயிலா, பிரேக் ஆயிலா, கூலன்ட்டா என்பது தெரியாது.