98 செட்டும் 300 வெள்ளித் தட்டும்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்து 98 செட்டெல்லாம் சேர்ந்து சாப்பிட்டீர்களே, யார் யார் வந்தார்கள், என்ன போட்டார்கள், கோட்டு மாட்டினாயா என்று வாட்ஸ்அப்பில் சரமாரியாகக் கேட்டிருக்கிறாய். இதற்கெல்லாம் கட்டைவிரலால் தட்டிப் பதில் சொல்லி மாளாது. அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு இதை நீதான் படித்துக் காட்டப்போகிறாய். 'நான் தின்றேன், நான் முழித்தேன்' என்று எழுதினால், தின்றதும் முழித்ததும் நீதான் என்று அம்மா நினைத்துக்கொள்ளும். ஆகவே கடைசிவரை 'உன் தம்பி'தான்.

முதலில் கோட்டு. உன் தம்பி கோட்டு போடவில்லை. போடுகிற மாதிரிதான் முதலில் திட்டம். பிஆர் என்கிற நிரந்தரவாசம் வாங்கி, வீடும் வாங்கிவிட்ட நம் வகுப்புப் புள்ளிகள் இரண்டு பேர் சிராங்கூன் சாலையில் ஏசி ஓட்டல் ஒன்றைப் பார்த்து, தலைக்கு 60 வெள்ளி என்று குரூப்பில் அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களைப் பாருங்கள் என்று பிரசங்கம் வேறு. 1838-இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரி, 1890-இல் தொடங்கிய யாழ் இந்துக் கல்லூரி என்று பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி லண்டனிலும் டொராண்டோவிலும் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஹால் பிடித்து, சூட்டும் பட்டுச்சேலையுமாக விருந்து வைத்து, திரட்டிய காசை ஊர்ப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். குடுமியான்மலைக்காரன் என்ன மட்டமா?

குரூப்பில் கைதட்டுகிற பொம்மைகளாக விழுந்தன. துவாஸிலும் கிராஞ்சியிலும் தங்குவிடுதியில் கிடக்கிற நம் பயல்களிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. படித்துவிட்டதற்கு அடையாளமாக நீல டிக், அவ்வளவுதான். அவர்களில் சிலருக்கு 60 வெள்ளி என்பது இரண்டு மூன்று நாள் அடிப்படைச் சம்பளம், அக்கா. கடைசியில் உன் தம்பிதான் "உணவங்காடியில் வைத்துக்கொள்வோமே" என்று போட்டான். பெருந்தன்மை என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. அவனுக்கும் 60 வெள்ளி வலித்தது.

உணவங்காடியில் இடம் பிடிக்க ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும். காலி மேசையில் அதை வைத்துவிட்டுப் போனால் வேறு ஒருவரும் உட்கார மாட்டார்கள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற அதே சங்கதிதான். இங்கே சண்டை மட்டும் வராது. மூன்று பாக்கெட் வாங்கி மூன்று மேசையைப் பிடித்தோம். மூக்குத் துடைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

இனிமேல்தான் விஷயமே. இங்கே சாப்பிட்ட தட்டை சாப்பிட்டவனேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். மரியாதைக்குச் சொல்வதல்ல, சட்டம். 2021 செப்டம்பர் 1-இலிருந்து உணவங்காடிகளில் நடக்கிறது. தட்டு, கிண்ணம் மட்டுமில்லை. துடைத்த டிஷ்யூ, உறிஞ்சிய குழாய், கடித்துப் போட்ட எலும்பு எல்லாம் மேசையைவிட்டுப் போக வேண்டும். முதல் தடவை மாட்டினால் எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி, அதற்கும் மேலே கோர்ட்டுக்கே போகலாம். 300 வெள்ளி நம் காசில் இருபதாயிரம் பக்கம் வரும். உன் வீட்டில் தின்ற தட்டை உன் தம்பி ஒருநாளாவது எடுத்து வைத்திருக்கிறானா என்று நீ கேட்கப்போகிறாய், தெரியும். இதே சட்டம் நம் வீட்டில் இருந்திருந்தால் அப்பா கட்டிய அபராதத்திலேயே உன் கல்யாணத்தை முடித்திருக்கலாம்.

தட்டு வைக்கிற இடமும் ஒன்றில்லை, இரண்டு. ஹலால் தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றதற்கு இன்னோர் அடுக்கு. உன் தம்பி தின்றது முஸ்லிம் கடை மட்டன் பிரியாணி. பக்கத்தில் இருந்தவன் சீனக் கடையில் சைவ நூடுல்ஸ் வாங்கித் தின்றுவிட்டு, "நீ போறப்ப இதையும் வச்சுரு மச்சான்" என்று கிண்ணத்தைப் பிரியாணித் தட்டின் மேலேயே கவிழ்த்துவிட்டான். இப்போது இது எந்த அடுக்குக்குப் போகும்? பத்தாம் வகுப்பில் லீடராக இருந்து பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதினானே, அவன் இப்போது கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். "கலந்தாச்சுன்னா ஹலால் பக்கம் போகக் கூடாது" என்றான். "சைவத்துல என்னடா கலப்பு?" என்றான் இன்னொருவன். நரைத்த மீசைக்காரர்கள் எட்டுப் பேர் எச்சில் தட்டைச் சுற்றி நின்று வாதாடுகிறோம். துப்புரவு செய்கிற சீனப் பாட்டி வந்தது, அம்மா வயசு இருக்கும். வாயே திறக்காமல் தட்டைப் பிடுங்கி, கிண்ணத்தை அந்தப் பக்கம், தட்டை இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகும் லீடர் ஒவ்வொரு மேசையாக வந்து எலும்பைப் பொறுக்கச் சொன்னான்.

மச்சானுக்குத் தனியாகப் பதில்: தண்ணி கிடையாது. நாங்கள் கூடிய உணவங்காடியும் லிட்டில் இந்தியா பக்கம்தான். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015-இல் சட்டம் போட்டுவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரைக்கும் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. 98 செட்டு தே தாரிக் டீயில்தான் ஆடியது.

பெண்பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். பழக்கதோஷம், தனி மேசையில் போய் உட்கார்ந்தார்கள். ஆண்களும் பேசாமல் இருந்தோம். இங்கே நர்ஸாக இருக்கிறவள்தான் சத்தம் போட்டாள். "ராஜா காலத்துலயே முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில ஆம்பளப் பசங்களோட படிச்சாங்க. உங்களுக்கு இன்னும் தனி பெஞ்சு கேக்குதா?" மேசைகளை ஒட்டிப் போட்டோம்.

குடும்பத்தோடு வந்தவர்கள் அந்த பிஆர் புள்ளிகள் இருவர் மட்டும்தான். ஒர்க் பெர்மிட்காரன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. எஸ் பாஸ்காரன் கூட்டிவரலாம், மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால். மற்றவர்களுக்குப் பெண்டாட்டி போனில்தான் இருந்தாள். சாப்பிடும்போதே தட்டை வீடியோவில் அவளுக்குக் காட்டினார்கள்.

பிஆர் புள்ளி ஒருவரின் பையன், இங்கேயே பிறந்தவன், போனில் நம் ஊரைத் தேடி எடுத்துவிட்டான். "அங்கிள், உங்க ஊர்ல ஏழாம் நூற்றாண்டு மியூசிக் கல்வெட்டு இருக்காமே?" உன் தம்பிக்கு மார்பு விரிந்தது. பல்லவ கிரந்தம்டா, ஏழு பகுதியாக ஸ்வரம் வெட்டியிருக்கிறது, ருத்ராசாரியாரிடம் படித்த ஒரு ராஜா மாணவர்கள் நலனுக்காகச் செய்தது என்று அதிலேயே இருக்கிறது, நாங்கள் அதன் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள் என்று அளந்தான். "அப்ப ஒண்ணு பாடுங்க அங்கிள்" என்றான் பையன். மேசையே கப்சிப். மாணவர் நலனுக்கு வெட்டிய கல்லின் நிழலில் புளியங்காய் தின்ற மாணவன் ஒருத்தனுக்கும் ச-வுக்கு அடுத்தது என்ன என்று தெரியவில்லை. கடைசியில் கிராஞ்சிக்காரன் ஒருவன் சன்னமாக இழுத்தான். தாத்தா நாயனம் வாசித்தவராம். இத்தனை வருடம் அவனோடு படித்தோம், அவன் பாடுவான் என்பது கூட உன் தம்பிக்குத் தெரியாது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இதற்காக ஞாயிறு ஓவர்டைம் வேண்டாம் என்று சீன சூப்பர்வைசரிடம் போய், ரீயூனியன் டின்னர் என்று காரணம் சொன்னபோது, "உங்க அம்மா ஊரிலிருந்து வந்துட்டாங்களா?" என்று கேட்டார். இங்கே சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு, பிள்ளைகள் எங்கே இருந்தாலும் அப்பா அம்மாவோடு சேர்ந்து சாப்பிடுகிற சாப்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். "இல்லை, பள்ளிக்கூடப் பயல்கள்" என்றான் உன் தம்பி. "சரி, போ" என்றார். இதை அம்மாவுக்குப் படிக்காதே.

அடுத்த சாப்பாடு துவாஸ் பக்கம் என்று முடிவாகியிருக்கிறது. விடுதிக்காரர்கள் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. கார் வைத்திருப்பவர்கள் வரட்டும்.

இனி உனக்கு ஒரு வேலை. 60 வெள்ளி கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் மிச்சத்தை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தருகிறார்கள். பிஆர் புள்ளிகளுக்கு வாசலில் பெயர் வெட்டிய வளைவு கட்ட வேண்டுமாம். விடுதிக்காரர்கள் பிள்ளைகளுக்கு எது வேண்டுமோ அதைச் செய்யலாம் என்கிறார்கள். நீ இந்த வாரமே ஹெட்மாஸ்டரைப் பார்த்து, என்ன தேவை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, போனில் படம் பிடித்து அனுப்பு. வளைவு என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் தாளை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடு.

இப்படிக்கு,
உன் தம்பி