காடியியல்: அல்சூர்ப் பரணில் கிடக்கும் பலகைத் தடத்தைச் செப்பனிடுதல் குறித்த முதனிலை ஆய்வு

தடம் எனப்படுவது, பொம்மைக் கார்களின் பந்தயத்துக்காக மரப்பலகையில் நீளப் பள்ளம் வெட்டி, அதன் இருமருங்கும் செப்பு நாடா ஒட்டி, 12 வோல்ட் அளவில் மின்சாரம் செலுத்தி அமைக்கும் மேடையாகும். காரின் அடியிலுள்ள நாக்கு பள்ளத்தில் இறங்கி வழிகாட்ட, செப்புப் பின்னல்கள் மின்சாரத்தை ஏந்த, ஆடுபவர் கைவிசையால் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைப்பார். 1957இல் இங்கிலாந்தில் ஃபிரெட் பிரான்சிஸ் ‘ஸ்கேலக்ஸ்ட்ரிக்’ என்னும் பெயரில் வெளியிட்ட பின் இவ்விளையாட்டு பெரிதும் பரவியது. மெய்யான காரின் 32இல் ஒரு பங்கு என்பது பரவலான அளவாதலின், 4 மீட்டர்க் கார் 12.5 சென்டிமீட்டராகச் சுருங்கும்.

இத்தகைய பழந்தடம் ஒன்று பெங்களூரின் அல்சூர் ஏரியை அடுத்த வீட்டுப் பரணில் கிடப்பதாகக் கொண்டு இவ்வாய்வு நிகழ்கிறது. அதை எவரும் கண்டதில்லை என்பது குறையன்று. பொருளை நேரில் காண்பது ஆய்வாளரின் நடுநிலையைக் குலைக்கும் என்பது அறிஞர் பலரும் சொல்லாமலே கடைப்பிடிக்கும் நெறி. ஆராயத்தக்கவை நான்கு: மரம், மின்சாரம், காடி, உறை.

மரம். அல்சூரின் கன்னடப் பெயரான ஹலசூரு, பலாவைக் குறிக்கும் ‘ஹலசு’ என்னும் சொல்லிலிருந்து வந்ததென்பர். பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரமானமையால் பலாவும் ஹலசும் ஒரு வேரினவே. ஊர் பலாவாதலின் பலகையும் பலா. வீணையும் மிருதங்கமும் பலாவிற் செய்யப்படுதலின் தடமும் இசைக்கருவி. ஆகவே காரின் இரைச்சல் ஆலாபனை. ஓரம் ஈரத்தில் ஊறி ஏடு ஏடாகப் பிரிந்தால் அது பிளைவுட் என்போரும் உளர். ஏடு என்று அவர்களே ஒப்புக்கொண்டமையால், அது ஓலைச்சுவடி என்னும் மூன்றாம் கொள்கை தோன்றியது.

மின்சாரம். வந்தால் வரும்.

காடி. இச்சொல் தச்சர் வழக்கில் பலகையில் வெட்டும் பள்ளத்தையும், அடுக்களை வழக்கில் புளித்த நீரையும் குறிக்கும். பெங்களூர்த் தமிழரோ அக்கம்பக்கத்து மொழிகளைப் பின்பற்றி வண்டியையும் இவ்வாறே அழைப்பர். ககரத்தின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தமிழில் ஒரே எழுத்தாதலின், மூன்றும் ஏட்டில் ஒன்றாகிவிடுகின்றன. எனவே ‘காடியோரச் செம்பைக் காடியால் துடைத்துக் காடியில் காடியை விடுக’ என்னும் ஒரு வரிச் செய்முறை மூன்று கட்சிகளைப் பெற்றெடுத்தது. பள்ளக் கட்சியார் பள்ளத்தைப் பள்ளத்தால் துடைக்கும் வழியை இன்னும் தேடுகின்றனர். வண்டிக் கட்சியார் வண்டிக்குள் வண்டியை விட்டு, அதை அல்சூர்ச் சந்தைத் தெருவின் மாலைநேர வருணனை என்றனர். புளிப்புக் கட்சியார்க்கு அது ஊறுகாய்க் குறிப்பு. ஒரே சொல் வெவ்வேறு பொருளில் மீண்டும் மீண்டும் வருதலின் அது சொற்பின்வருநிலையணி என்றும், அணி இருத்தலின் செய்யுள் என்றும், செய்யுளாதலின் செய்துபார்க்க வேண்டியதில்லை என்றும் அணிநூலார் முடித்தனர். கறுத்த செம்பைக் காடியும் உப்பும் துலக்கும் என்பதும், பின்னர் ஈரத்துணியால் ஒற்றி உலர்த்தாவிடில் பச்சைக் களிம்பு பூக்கும் என்பதும், பயன்படும் செய்திகளாதலால் அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டன.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியத்தில் தடம் பற்றிய நூற்பா இல்லாமையே அது தொலைந்துபோனதற்குச் சான்று. பி. எல். ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’வின் பெங்களூர்த் தொகுதியில் (1905) அண்டையூரான தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன, அவற்றில் அவ்வூரின் மறுபெயரான தேசிமாணிக்கப்பட்டணம் உண்டு, பொம்மைக் கார் இல்லை. எனினும் எழுத்துச் சிதைந்த இடமெல்லாம் ஆய்வாளரின் பட்டா நிலமாதலின், அங்கே ‘காடி’ என நிரப்பிக்கொள்வதைத் தடுப்பாரில்லை. இவற்றினும் உறுதியானது, பெயர் தெரியாத உரைகாரர், கிடைக்காத நூலுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் உரையில், கறையான் தின்ற பக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்ததாக, அதைப் படிக்காத ஒருவர் நினைவிலிருந்து காட்டும் மேற்கோள். அதை மறுக்க இன்றுவரை எவராலும் இயலவில்லை.

இங்கே ஆசாரி கட்சியையும் குறிப்பிடுதல் முறை. தொங்கிய பலகைக்கு அடியில் சக்கை கொடுத்துச் சமன்செய்து, பழைய பல்துலக்கியால் பள்ளத்துத் தூசியை எடுத்து, புது நாடா ஒட்டினால் ஓடும் என்பதும், அது ஒரு நாள் வேலை என்பதும் இவர் கொள்கை. இவரிடம் நூல் இல்லை என அறிஞர் தள்ளினர். நூல் இருக்கிறது, பலகையின் கோணல் பார்ப்பதற்கு. கங்க மரபினனான சீயகங்கன் கேட்க நன்னூல் செய்த பவணந்தியார், தச்சரின் நூல் மரத்துக்குச் செய்வதை ஏட்டு நூல் மனத்துக்குச் செய்யும் என்றார். முதற்பாதி ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

உறை. கட்சிகள் இசையும்வரை தடத்தை மூடிவைப்பதே தக்கது. இதற்கு அல்சூரிலேயே முன்மாதிரி உண்டு: ஏரியருகே 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9 அன்று, இரு மாநில முதல்வர்களும் இசைந்தபின் திறக்கப்பட்டது; நான்கு நாளில் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. முதல்வர்கள் இசைவது எளிது. புளிப்புக் கட்சியும் பள்ளக் கட்சியும் இசைவது அத்தகையதன்று. அதுவரை உறையைக் கட்டிவைக்க ஆசாரியின் நூலே போதும்.