சாவகாசர்

சாவகாசரைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் அதிகாலையில் நாகேசுவரராவ் பூங்காவுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. அங்கே தினமும் நடப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்டு, அதற்கென்றே வாங்கிய காலணிகளைப் பெட்டி பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் எழுந்தருளப் பண்ணிவிட்டு, தம் மயிலாப்பூர் வீட்டின் சாய்வு நாற்காலியில் இரண்டாவது காபியை ருசித்துக்கொண்டிருக்கும் மகானுபாவர் அவர்.

அவரைச் சோம்பேறி என்பது அபசாரம். சோம்பேறிக்கு எதிர்காலத்தில் நம்பிக்கை கிடையாது. சாவகாசருக்கோ அது ஒன்றில்தான் நம்பிக்கை. டாக்டர் எழுதிக்கொடுத்த சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு அவருடைய பஞ்சாங்கத்துக்குள்ளேயே குடியிருந்துகொண்டு மாதத்துக்கு ஒரு பக்கம் முன்னேறி வருகிறது. ஆடியில் நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்கலாகாது. புரட்டாசியில் பெருமாள் பிரசாதத்தை மறுப்பது பாபம். தீபாவளி சமயத்தில் ரத்தத்தைச் சோதிக்கிறவன் பட்சணத் துரோகி. மார்கழியிலோ, சபா கான்டீன் என்று ஒன்றிருக்கிறது. “தை பிறக்கட்டும், உடம்பைத் தங்கமாக்கிக் காட்டுகிறேன், பார்!” என்று அவர் மனைவியிடம் சொல்லும்போது முகத்தில் ஒரு தேஜஸ் வீசுமே, அது சாக்ஷாத் ஆரோக்கியத்தின் தேஜஸேதான்.

விஞ்ஞானமும் ஒருவாறு அவர் கட்சிதான். வேலையை ஒத்திப்போடும் கல்லூரி மாணவர்கள் பருவத்தின் ஆரம்பத்தில் மற்றவர்களைவிட மனக்கவலையும் வியாதியும் குறைந்தே இருந்தார்கள் என்று 1997-இல் டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். பருவக் கடைசியில் இரண்டும் பெருகி, மொத்தக் கணக்கில் அவர்களுக்கே நஷ்டம் என்பது மறுபாதி. சாவகாசர் முதற்பாதியை வாய்விட்டு வாசித்துவிட்டு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று மடித்து வைத்துவிட்டார்.

தையும் பிறந்தது. இரண்டு நாள் இனிப்பைத் தொடாதிருந்து, பழுத்த யோகியின் பாவனையுடன் லாபில் போய்க் கையை நீட்டினார். ஆனால் அவர்கள் செய்ததோ ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்கிற சோதனை. சிவப்பணுக்களில் நெடுநாளாய் ஒட்டிய சர்க்கரையைக் கூட்டிச் சொல்லிவிடும் அதற்கு, கடைசி இரண்டு நாள் விரதம் ஒரு பொருட்டல்ல. தீபாவளி மைசூர்பாகும் கான்டீன் அசோகாவும் ஒருங்கே வந்து சாட்சி சொல்லின. ஆறரையும் அதற்கு மேலும் நீரிழிவு என்பது வைத்தியக் கணக்கு, அவருக்கு எட்டரை.

“பத்தாகவில்லையே!” என்றார் சாவகாசர், மலர்ந்த முகத்தோடு.

அவருக்காகக் கவலைப்படும் உத்தியோகம் முழுவதையும் இத்தனை வருஷமாகப் பார்த்துவரும் அந்த அம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு. மாத்திரையை அவள் ஒரு நாளும் தள்ளிப்போட்டதில்லை.